சுன்னாகம் தந்த சொல்லாசான்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையால் மட்டுமன்றித் தமிழாலும் பெயர் பெற்ற ஊர். அப்பெருமைக்குத் தலையாய காரணர், 1854ஆம் ஆண்டில் அங்கே பிறந்த அ. குமாரசுவாமிப் புலவர். அவ்வூர் முருகேச பண்டிதரிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்ட அவர், வடமொழியிலும் வல்லவரானார்.

ஏழாலையில் சி. வை. தாமோதரம்பிள்ளை நிறுவிய சைவ வித்தியாசாலையிலும், பின்னர் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையிலும் புலவர் கற்பித்தார். காளிதாசரின் மேகதூதத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கினார். 1916இல் தமிழ்ப் புலவர் சரித்திரத்தை வெளியிட்டார். ஆயினும், என்னை மிகுதியும் ஈர்த்தது 1913இல் அவர் தந்த வினைப்பகுபத விளக்கமே.

கணினி கற்பிக்கும் எனக்கு இலக்கண நூலோடு என்ன உறவு என்று வாசகர் வினவலாம். செயற்கை நுண்ணறிவை வரைவிலக்கணம் ஒப்புவித்துக் கற்றல் இயலாது; மாணவர் தம் கையாலேயே மென்பொருள் ஒன்றை ஆக்கிப் பார்த்தல் வேண்டும். ஆதலால், தமிழ் வினைச்சொல்லைப் பகுத்துக் காட்டும் சிறு மென்பொருளை ஆக்குமாறு அவர்களைப் பணிப்பேன். ‘படித்தான்’ என்பதை அது எளிதிற் பகுத்துவிடும். ‘வந்தான்’ என்றதும் திகைத்து நிற்கும். ஏனெனில் விகுதியும் இடைநிலையும் சந்தியும் நீங்க எஞ்சும் ‘வ’ என்னும் பகுதி அதன் சொற்பட்டியலில் இல்லை. ‘வா’ என்பதே குறுகி ‘வ’ என நின்றது என்னும் விகார விதியை எழுதிக் கொடுத்த பின்னரே விடை பிறக்கும். அந்த வேளையில் இலக்கணமும் கணினியும் மாணவருக்கு ஒருங்கே விளங்குகின்றன.

இன்றைய பெரிய மொழி மாதிரிகள் பெரும்பாலும் பகுதி விகுதி நோக்கிச் சொல்லைப் பிரிப்பதில்லை; எழுத்துத் தொடர்கள் எத்துணை முறை வருகின்றன என்பதை நோக்கியே துண்டாக்குகின்றன. நூற்பெருக்கம் மிக்க மொழிகளுக்கு இக்குறை பெரிதாகத் தோன்றாது. கணினியில் ஏறிய நூல்கள் குறைந்த தமிழுக்கோ அது பெருங்குறை. அதனை நீக்க வல்லார் இலக்கணமும் நிரலாக்கமும் ஒருங்கே பயின்ற இளைஞரே. இரண்டையும் வெவ்வேறு வகுப்பறைகளிற் பூட்டி வைப்போமாயின், அத்தகையோர் நம்மிடைத் தோன்றார்.

புலவர் 1922இல் மறைந்தார். கணினியை அவர் கண்டாரல்லர். ஆனால் சொல்லைப் பகுத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரிட்டு, அதன் தொழிலைக் காரணத்தோடு காட்டும் பணியை அவர் செய்து வைத்தார். அந்தப் பணியே இன்று என் மாணவருக்கு முதற் பாடமாக அமைகிறது.