முப்புரிக் கயிற்றைக் கண்ட விஞ்ஞானி

தர்மபுரிச் சீமையில் கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்பும் உண்டு காட்டில் உழைக்கிறவர் உடம்பில், அந்தக் கொள்ளின் புரதம் என்னவாகிறது? அமினோ அமிலங்களாகப் பிரிந்து, வேறு வரிசையில் மறுபடி கோக்கப்பட்டு, தசையாகவும் தோலாகவும் ரத்தமாகவும் ஆகிறது. கோத்த சரம் மடியும் விதத்தைப் பொறுத்தே அது செய்யும் வேலை. அந்த மடிப்புக்கு இலக்கணம் வகுத்தவர் சென்னையில் இருந்த ஒரு பௌதிகப் பேராசிரியர்!

ஜி. என். ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். பெங்களூரில் மின்சாரப் பொறியியல் படிக்கப் போனவரைச் சர் சி. வி. ராமன் தம் துறைக்கு இழுத்துக் கொண்டார். கேம்பிரிட்ஜ் சென்று திரும்பியபின், 1952ல் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அவரைச் சென்னை சர்வகலாசாலைக்கு அழைத்தார்.

அங்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொல்லாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்றார். தோலுக்கும் தசைநாருக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் புரதம் அது. கங்காரு வாலின் தசைநாரை வரவழைத்து, எக்ஸ் கதிர் பாய்ச்சிப் படமெடுத்தார் ராமச்சந்திரன். 1954ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து விடையை வெளியிட்டார்: மூன்று சரங்கள் சேர்ந்த அமைப்பு. மறு ஆண்டே திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியவை என்றார். மாடு கட்ட நம் குடியானவர் திரிக்கும் முப்புரிக் கயிறேதான்! சரத்தில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுவே. கயிற்றின் நடுவில் வேறெதற்கும் இடமில்லை.

கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும் ஆட்சேபித்தார்கள். அணுக்கள் சில அளவுமீறி நெருங்கியிருக்கின்றன என்பது குற்றச்சாட்டு. வேறொருவராயிருந்தால் கோபித்துக்கொண்டு பதில் கட்டுரை எழுதியிருப்பார். இவரோ, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று கணக்கெடுக்க உட்கார்ந்துவிட்டார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963ல் அவர் வெளியிட்ட படம், புரதச் சரம் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே முடியாது என்று காட்டியது. இன்றும் புதிதாகக் கண்ட புரத அமைப்பு சரியா என்று உலகமெங்கும் ராமச்சந்திரன் படத்தை வைத்தே சோதிக்கிறார்கள்.

கிரிக் 1962ல் நோபல் பரிசு பெற்றார். ராமச்சந்திரனுக்கு அது கிட்டவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1977ல் அவரை உறுப்பினராக்கியது. பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 1998ல் மனைவி ராஜலட்சுமி மறைந்தார். 2001 ஏப்ரல் 7ல் சென்னையில் அவரும் காலமானார்.