ஆனந்தரங்கரின் மனையும் நாட்குறிப்பும்

வங்கக் கடலோரத்தே அமைந்த அழகிய நகரம் புதுச்சேரி. நேர்கோடிட்டாற்போன்ற அதன் வீதிகளை ஒரு வாய்க்கால் இரு கூறாகப் பிரிக்கின்றது. கிழக்கே கடலை நோக்கிய பகுதி பிரெஞ்சுக்காரர் வாழ்ந்தது. மேற்கே உள்ளது தமிழர் வாழ்ந்தது. இம்மேற்குப் பகுதியில், பெரிய அங்காடிக்கு அருகில், பழைய மாளிகை ஒன்று உள்ளது. நகரைக் காணச் செல்வோர் தவறாது காணத்தக்கது அது.

அம்மாளிகையின் கீழ்த்தளம் தமிழர் மரபில் அமைந்தது. நடுவே முற்றம், அதனைச் சூழ்ந்து சிற்ப வேலைப்பாடு மிக்க மரத்தூண்கள். மேல்தளத்திலோ ஐரோப்பிய முறையில் எழுப்பிய வெண்ணிறத் தூண்கள் காட்சியளிக்கின்றன. இரு நாட்டுக் கட்டடக் கலைகளும் ஒரே மனையில் மேலும் கீழுமாய்ப் பொருந்தியிருக்கின்றன. அம்மனைக்கு உரியவரின் வாழ்க்கையும் அவ்வாறே இரு நாட்டாரிடையே அமைந்தது. அவரே ஆனந்தரங்கப் பிள்ளை.

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. தந்தையாரின் மைத்துனராகிய நைனியப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் உயர்பதவி வகித்தார். அவர் அழைப்பினால் இக்குடும்பம் புதுச்சேரியிற் குடியேறியது. ஆயினும், நைனியப் பிள்ளையே பின்னர் ஆளுநரின் சினத்திற்கு ஆளாகிச் சிறையிடப்பட்டு, 1717இல் அங்கேயே உயிர் துறந்தார். அரசு தரும் செல்வாக்கு எத்துணை நிலையற்றது என்பதை ஆனந்தரங்கர் இளமையிலேயே கண்டார்.

1726இல் தந்தையார் மறைந்தபோது அவருக்கு வயது பதினேழு. அவருடைய அறிவையும் நேர்மையையும் கண்ட ஆளுநர் லெனுவார், பரங்கிப்பேட்டை வாணிகத்தை நடத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார். நாளடைவில் பிள்ளை பெருவணிகரானார். ஆனந்தப்புரவி என்னும் சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது.

1742இல் துய்ப்ளே புதுச்சேரியின் ஆளுநரானார். அக்காலத்தில் பிரெஞ்சுக்காரருக்கும் நம் நாட்டாருக்கும் இடையே நின்று, இருவர் மொழியையும் பெயர்த்துரைத்து, வாணிகத்தையும் அரசியற் செய்திகளையும் நடத்திக் கொடுத்தவர் துபாசி எனப்பட்டார். தலைமைத் துபாசியாயிருந்த கனகராய முதலியார் 1746இல் காலமானபின், அப்பதவி ஆனந்தரங்கரை வந்தடைந்தது. நவாபுகளின் தூதரும் வணிகரும் நெசவாளரும் அவரை நாடி வந்தனர். 1749இல் முசபர் சங்கு அவருக்கு மன்சப்தார் என்னும் சிறப்பை அளித்தார்.

இத்துணைப் பெருமைக்கு உரியவரேனும், அவர் கைக்கு எட்டாதனவும் இருந்தன. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட காலத்தில், நகரிலிருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் இடித்தனர். அதனைத் தடுக்கும் ஆற்றல் தலைமைத் துபாசிக்கும் இல்லாது போயிற்று. எனினும் அன்று நடந்தவற்றையும் மக்கள் உற்ற துயரையும் அவர் மறையாது எழுதி வைத்தார். தாம் ஊழியம் செய்த அரசின் செயல் என்பதற்காக அவர் எழுதுகோல் தயங்கவில்லை.

இங்ஙனம் எழுதும் வழக்கத்தை அவர் 1736ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கினார். கப்பல் வந்த நாள், பீரங்கி முழங்கிய கணக்கு, சரக்கின் விலை, ஆளுநருடன் நிகழ்ந்த உரையாடல், ஊரில் நடந்த திருமணம், வழக்கு, வதந்தி ஆகிய அனைத்தையும் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் குறித்து வந்தார். அவர் நடை அக்காலப் பேச்சுத் தமிழ். பாரசீகச் சொல்லும் போர்த்துக்கேசியச் சொல்லும் அதில் விரவி வரும். இலக்கணம் வல்லார் அதில் வழுக்கள் பல காணக்கூடும். ஆனால் அந்நாளைய மாந்தர் பேசிய பேச்சு அதில் உயிரோடிருக்கின்றது. செய்யுளைப் போற்றிய அளவு உரைநடையைப் போற்றாத காலத்தில் எழுந்தமையால் அதன் அருமை இன்னும் மிகுதி.

1754இல் துய்ப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். 1756இல் பிள்ளையும் பதவி இழந்தார். நோயும் மனத்துயரும் வாட்டியபோதும் அவர் நாட்குறிப்பைக் கைவிடவில்லை. 1761 சனவரி 16ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. நகர் வீழ்ந்த அத்திங்களிலேயே அவரும் மறைந்தார். ஆங்கிலேயர் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த மாளிகைகளையும் தகர்த்தெறிந்தனர். அவ்வழிவுக்குத் தப்பிய மிகச் சில கட்டடங்களுள் பிள்ளையின் மனையும் ஒன்று.

நாட்குறிப்போ பல்லாண்டுகள் எவரும் அறியாது கிடந்தது. 1846இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை வெளிக்கொணர்ந்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. 1948 முதல் தமிழ் மூலமும் அச்சேறலாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் யாவரும் இன்று இந்நூலை நாடுகின்றனர். எழுத்தாளர் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் புதினங்களும் இதனை அடிப்படையாகக் கொண்டு எழுந்தவையே.

ஆனந்தரங்கர் பெற்ற பட்டமும் பதவியும் அவர் கண் முன்னரே மங்கின. அவர் பணிசெய்த அரசின் கோட்டையும் மண்ணோடு மண்ணாயிற்று. நாள்தோறும் சில வரிகளாக அவர் எழுதியதே அழியாச் செல்வமாய் நமக்குக் கிடைத்தது. மாணவர்களே, நீங்களும் கண்டதைக் கண்டவாறு நாள்தோறும் எழுதிப் பழகுங்கள். இன்று சிறிதெனத் தோன்றும் செய்தியும் பின்வருவோர்க்குப் பெரும்பொருளாகும்.