பிராஞ்ச் ரிக்கி: நாற்றங்கால் போட்டவரின் நிறையும் குறையும்

விளையாட்டு வீரர்கள் உருவாகும் விதம் குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பிராஞ்ச் ரிக்கி. அமெரிக்க பேஸ்பால் அமைப்புகள் இளம் மட்டையாளர்களை வளர்த்தெடுப்பதில் இன்று ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. அந்தப் போட்டிக்கு வித்திட்டவர் அவரே. ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கி நிறவெறித் தடையை உடைத்தவர் என்பதோடு அவர் வரலாற்றைப் பலரும் முடித்துவிடுகின்றனர். ஆனால், இளைஞரை வளர்ப்பதற்கும் அவரை உடைமையாக்கிக்கொள்வதற்கும் இடையிலான எல்லை எது என்ற கேள்வியும் அவருடைய வாழ்வில் இருக்கிறது. அதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒஹையோ மாநிலத்தின் ஸ்டாக்டேல் என்ற சிற்றூரில் 1881 டிசம்பர் 20 அன்று பிறந்தவர் ரிக்கி. மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுவதில்லை என்ற உறுதியைக் கடைசிவரை காத்தார். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பருக்கு இணையான கேட்சராக அவர் ஆடிய காலம் சொற்பம். 1907இல் ஒரே ஆட்டத்தில் எதிரணியினர் 13 முறை அவரை ஏமாற்றி அடுத்த தளத்துக்கு ஓடினர். பிறகு காசநோய் தாக்கியது. மீண்டெழுந்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றபடியே மாணவர் அணிக்குப் பயிற்சி அளித்தார். தன்னால் ஆட முடியாததைப் பிறருக்குக் கற்பிக்க முடியும் என்று அங்குதான் அவர் கண்டிருக்க வேண்டும்.

வறுமை தந்த வழி

முதல் உலகப் போருக்குப் பின் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை அவர் நடத்தியபோது அதனிடம் பணம் இல்லை. சிறுநகர அணிகள் நல்ல வீரரை உருவாக்கினால், கூடுதல் விலை தருவோருக்கே விற்றன; பணக்கார அணிகள் வாங்கிச் சென்றன. விளைந்த கதிரை வாங்க முடியாதவர், நாற்றங்காலையே வாங்கத் தீர்மானித்தார். ஹூஸ்டன், ஃபோர்ட் ஸ்மித், சிரக்யூஸ் நகர அணிகளில் கார்டினல்ஸ் பங்கு வாங்கியது. பண்ணை முறை என்று பெயர்பெற்ற ஏற்பாடு இப்படித்தான் தொடங்கியது. 1925இல் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பு அவரிடமிருந்து பறிக்கப்பட்டாலும் நிர்வாகத்தில் நீடித்தார். மறு ஆண்டே கார்டினல்ஸ் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது.

வெற்றியைக் கண்டு போட்டியாளர்களும் விழித்துக்கொண்டனர். நியூயார்க் யாங்கீஸ் உரிமையாளர் ஜேக்கப் ரப்பர்ட் 1931இல் நியூவார்க் அணியை வாங்கினார். மறு ஆண்டு ஜார்ஜ் வைஸ் என்பவரிடம் பண்ணையை ஒப்படைத்தார். இரண்டு அமைப்புகளின் வழிகளும் வேறு. ரிக்கி பரவலாக விதைத்தார். நூற்றுக்கணக்கானவரைச் சேர்த்து, அவர்களுள் ஓடவும் எறியவும் வல்லவரைச் சலித்தெடுத்தார். யாங்கீஸோ ஜோ டிமாஜியோ போன்று ஏற்கெனவே தேறியவர்களுக்கு விலை கொடுத்தது. இளைஞர்களை நிதானமாகப் பழுக்கவைத்தது. சார்லி கெல்லர் 1937இல் நியூவார்க்கில் தன் லீக்கின் முதல் மட்டையாளராகத் திகழ்ந்தும், மேலும் ஓராண்டு அங்கேயே ஆடிவிட்டு, 1939இல்தான் யாங்கீஸுக்கு வந்தார். 1936 முதல் 1939 வரை தொடர்ந்து நான்கு உலகத் தொடர்களை யாங்கீஸ் வென்றது.

எது சிறந்த வழி? பட்டங்களை மட்டும் எண்ணினால் யாங்கீஸ்தான். ஆனால், ஸ்டான் மியூசியலின் கதை ரிக்கியின் பக்கம் நிற்கிறது. பந்துவீச்சாளராகச் சேர்க்கப்பட்ட அந்த இளைஞருக்கு 1940இல் தோளில் அடிபட்டது. வேறிடத்தில் அத்துடன் முடிந்திருக்கக்கூடும். கார்டினல்ஸ் பண்ணையில் அவர் மட்டையாளராக மாறுவதற்கு இடமிருந்தது. 1941 என்ற ஒரே ஆண்டில் கீழ்நிலை அணியிலிருந்து செயிண்ட் லூயிஸ்வரை உயர்ந்தார். பின்னாளில் 3,630 ஹிட்டுகள் குவித்தார். 1942இல் பெரும்பாலும் சொந்தப் பண்ணையில் விளைந்த கார்டினல்ஸ், யாங்கீஸை உலகத் தொடரில் வீழ்த்தியது.

கட்டிவைக்கப்பட்ட நாற்றுகள்

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1940 வாக்கில் கார்டினல்ஸின் பிடியில் 30க்கும் மேற்பட்ட அணிகளும் 600க்கும் மேற்பட்ட வீரர்களும் இருந்தனர். முதன்மை அணியிலோ 25 இடங்கள்தான். ஒருமுறை கையெழுத்திட்டவர், நிர்வாகம் விடுவிக்கும்வரை வேறிடம் செல்ல இயலாது. வீரர்களை விற்ற இலாபத்தில் ரிக்கிக்கும் பங்கு இருந்தது. வளர்ப்பவரே விற்பனையிலும் பயன்பெற்ற இந்த ஏற்பாட்டை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் 1938இல் கார்டினல்ஸ் பண்ணையைச் சேர்ந்த 70க்கும் மேற்பட்டோரை விடுவித்தார். அவர்களுள் ஒருவரான பீட் ரைசர், 1941இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஆடி, தேசிய லீக்கின் முதல் மட்டையாளரானார். ரிக்கியின் கண் பழுதற்றது என்பதற்கும், அவருடைய பிடி அளவுமீறியது என்பதற்கும் ரைசர் ஒருவரே சான்று.

பின்னர் டாட்ஜர்ஸுக்குச் சென்ற ரிக்கியிடம் கற்பிக்கும் கலை முதிர்ந்திருந்தது. ஃபுளோரிடாவின் வீரோ பீச்சில் 1948இல் பெரும் பயிற்சிக் களம் அமைத்தார். கண்ட பந்தையெல்லாம் விரட்டிய டியூக் ஸ்னைடரை, மட்டையை வீசாமல் நின்று, ஒவ்வொரு பந்தும் அடிக்கத்தக்கதா என்று மட்டும் சொல்லப் பழக்கினார்கள். கையைவிடக் கண்ணையே முதலில் பழக்க வேண்டும் என்பதுதான் பாடம். ஸ்னைடர் 407 ஹோம் ரன்கள் அடித்து ஓய்வுபெற்றார்.

ராபின்சனையும் ரிக்கி நேரடியாக மேலேற்றிவிடவில்லை. 1946இல் மாண்ட்ரியல் அணியில் ஓராண்டு ஆடவைத்தார். 0.349 சராசரியுடன் லீக்கின் முதலிடம் பிடித்த பிறகே புரூக்ளின் அழைத்தது. யாங்கீஸில் முதல் கறுப்பின வீரர் களமிறங்க 1955 ஆயிற்று. எனினும், ராபின்சனை வளர்த்திருந்த கறுப்பினத்தவர் லீக் அணியான கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸுக்கு ரிக்கி ஒரு டாலர்கூட இழப்பீடு தரவில்லை.

விதி செய்த நன்மை

அவருடைய வாழ்வின் பெரிய முரண் பிட்ஸ்பர்கில் நேர்ந்தது. 1954இல் டாட்ஜர்ஸ், ராபெர்ட்டோ கிளமென்ட்டே என்ற இளைஞரை மாண்ட்ரியலில் அதிகம் ஆடவிடாமல் மறைத்துவைத்தது. பதுக்கப்பட்ட வீரரைப் பிற அணிகள் தேர்ந்தெடுக்க இடமளித்த விதியின்கீழ், ரிக்கி நடத்திய பைரட்ஸ் அவரை 4,000 டாலருக்குப் பெற்றது. பதுக்கலுக்குப் பேர்பெற்றவரே பதுக்கலைத் தடுக்கும் விதியால் பயன்பெற்றார். ரிக்கி பொறுப்பிலிருந்து விலகியபின், 1960இல் பைரட்ஸ் யாங்கீஸை வீழ்த்தி உலகத் தொடரை வென்றது; ஏழு ஆட்டங்களிலும் கிளமென்ட்டே ஹிட் அடித்தார்.

மிசூரியில் உரையாற்றிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்த ரிக்கி, 1965 டிசம்பர் 9 அன்று மறைந்தார். 2021 முதல் ஒவ்வொரு பெரிய அணிக்கும் நான்கு முழுப்பருவ இளநிலை அணிகள் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. 2023இல் இளநிலை வீரர்கள் தம் சங்கத்தின் வழியே முதல் கூட்டு ஒப்பந்தத்தை வென்றெடுத்தனர். ரிக்கியின் பண்ணைக்கு வேலியிட ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

அமைப்புகளை ஒப்பிடுவோர் யார் எத்தனை மட்டையாளரை உருவாக்கினார் என்று மட்டும் கணக்கிடுகின்றனர். உருவானவரை உரிய நேரத்தில் ஆடவிட்டனரா, தமக்கு இடமில்லையெனில் போகவிட்டனரா என்றும் கேட்க வேண்டும் என்பேன். நாற்றங்காலிலேயே முற்றிவிட்ட நாற்று யாருக்கும் விளைச்சல் தராது.