அண்டக்கதிர்களை எண்ணிய விக்ரம் சாராபாய்

கல்முனை முதல் பொத்துவில் வரையான எமது கரையோரத்தில் அப்துல் கலாமின் பெயரை அறியாத பாடசாலை மாணவர் அரிது. இராமேஸ்வரத்தில் பிறந்த அந்த முஸ்லிம் இளைஞரை விண்வெளிப் பணிக்குத் தெரிவு செய்த விக்ரம் சாராபாயைப் பற்றியோ நாம் அறிந்திருப்பது சொற்பமே. அறிந்தவர்களும் அவரை ரொக்கெட்டுகளோடு மட்டுமே சேர்த்து நினைக்கின்றனர். அவரது சொந்த ஆய்வோ, விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்களைத் தரையில் இருந்தபடியே எண்ணுவதாக இருந்தது.

1919 ஒகஸ்ட் 12ஆம் திகதி அகமதாபாத்தில் ஆலை அதிபர் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். கேம்பிரிட்ஜில் கற்றுக்கொண்டிருக்கையில் இரண்டாம் உலக யுத்தம் மூண்டதால் நாடு திரும்பி, பெங்களூரில் சி.வி. இராமனின் வழிகாட்டலில் ஆய்வைத் தொடங்கினார். 1942இல் வெளிவந்த அவரது முதற் கட்டுரை அண்டக்கதிர்களின் காலப் பரம்பல் பற்றியதாகும்.

வேலை எளிதன்று. கைகர் எண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவை அனைத்தையும் ஒரே கணத்தில் ஊடுருவும் துகள்களை மாத்திரம் இரவு பகலாகக் கணக்கிட வேண்டும். நாளாந்த ஏற்ற இறக்கமோ நூற்றுக்கு ஒரு வீதத்திலும் குறைவு. இதில் வளிமண்டலமும் குறுக்கிடுகின்றது. அமுக்கம் கூடினால் எண்ணிக்கை குறையும். வெப்ப வலயத்தில் அமுக்கம் முற்பகல் பத்து மணியளவில் உயர்ந்து, பிற்பகல் நான்கு மணியளவில் தாழும். எமது கல்முனைக் கடற்கரையிலும் அவ்வாறே. இதனைக் கழித்த பின்னரே எஞ்சும் மாற்றத்தில் சூரியனின் பங்கைத் தேட முடியும். கழித்தலில் பிழைத்தால் ஆண்டுக்கணக்கான உழைப்பும் வீணே.

வெப்ப வலய அண்டக்கதிர் ஆய்வுக்காக 1947இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் அகமதாபாத்தில் பௌதிக ஆய்வுகூடத்தை நிறுவினார். கொடைக்கானல் மலையிலும் திருவனந்தபுரத்திலும் அவதான நிலையங்கள் எழுந்தன. காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் பூமியின் காந்தப்புலம் சக்தி குறைந்த துகள்களைத் திருப்பிவிடும். மிகுந்த சக்தியுடையவையே உட்புகும். தென்னிந்தியாவைப் போன்று இலங்கையும் அவ்வலயத்திலேயே அமைந்துள்ளது.

1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதல் ரொக்கெட் ஏவப்பட்டது. 1966இல் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்ததையடுத்து, அணுசக்தி ஆணைக்குழுவின் தலைமையும் சாராபாயின் தோளில் வீழ்ந்தது. நிருவாகச் சுமை ஆய்வாளரை விழுங்கிவிடுவதே நாம் வழமையாகக் காண்பது. இவரோ அண்டக்கதிர் ஆய்வு மாணவர்களை வழிநடத்துவதைக் கைவிடவில்லை. உடல்தான் தாங்கவில்லை போலும்.

1971 டிசெம்பர் 30ஆம் திகதி கோவளத்தில், தமது 52ஆவது வயதில் அவர் காலமானார். 1980 ஜூலையில் கலாமின் தலைமையில் உருவான ஏவுகலம் ரோகிணி செய்மதியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, அவரைத் தெரிவு செய்தவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.