34 வயதில் வேலையை விட்டவர்

முகப்பேரை அடுத்தது பாடி. மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய சாமான்களைச் செய்யும் டி.வி.எஸ். ஆலைகள் 1960-களில் அங்கே எழுந்தன. சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில்தான்.

டி.வி.எஸ். என்பது ஒருவருடைய பெயரின் சுருக்கம். முழுப்பெயர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். முதல் எழுத்து, அவருடைய ஊரான திருக்குறுங்குடியைக் குறிக்கும். நெல்லைச் சீமையிலுள்ள அந்த ஊரில் 1877-ம் ஆண்டு பிறந்தார்.

முதலில் வக்கீல் ஆனார். அதில் நிலைக்கவில்லை. ரெயில்வே வேலைக்குப் போனார். அதையும் விட்டார். பிறகு பாங்கி உத்தியோகம்.

இன்று மூன்று வேலை மாறினால் யாரும் மூக்கில் விரலை வைக்கமாட்டார்கள். அன்று மாதச் சம்பளம் என்றால் தெய்வம் கொடுத்த வரம். அதுவும் அவர் பிள்ளைகுட்டிக்காரர். மகள் சவுந்தரத்துக்கு வயது 7. அப்படியும் பாங்கி வேலையை உதறிவிட்டு, 1911-ல் சொந்தத் தொழிலில் இறங்கினார்!

என்ன தொழில்? பஸ்!

ஜனங்கள் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போய்க்கொண்டிருந்த நாள் அது. ரெயில் எட்டாத ஊர்கள் ஏராளம். ரெயில்வேயில் இருந்தவருக்கு அந்தக் குறை தெரியாமலா இருந்திருக்கும்? மதுரையைத் தலைமை இடமாகக் கொண்டு அவருடைய பஸ்கள் ஓடின.

பழைய வேலையும் வீண் போகவில்லை. ரெயில் போலவே பஸ்சும் குறித்த நேரத்தில் கிளம்பியது. ஆள் சேரட்டும் என்று காத்து நிற்கவில்லை. டி.வி.எஸ். பஸ்சைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று மதுரைப் பக்கம் சொல்வது உண்டு. ரோட்டில் கிடக்கும் லாட ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டி ஒன்று முன்னால் போய் அவற்றைப் பொறுக்கியதாகவும் சொல்வார்கள்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. பல பஸ்கள் நின்றன. கரியிலிருந்து வரும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியை அவருடைய கம்பெனி தயாரித்தது. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது.

மகள் கதையும் சாதாரணமானது அல்ல. சவுந்தரத்தின் கணவர் டாக்டர். பிளேக் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. விதவைப்பெண் வாசல்படி தாண்டக்கூடாது என்று ஊர் சொன்ன காலம். சவுந்தரமோ டெல்லிக்குப் போய்ப் படித்து, தாமும் டாக்டர் ஆனார். பின்னாளில் கணவர் ஜி.ராமச்சந்திரனுடன் சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கியவர் அவர்தான்.

சுந்தரம் அய்யங்கார் 1955-ம் ஆண்டு கொடைக்கானலில் காலமானார். வயது 78. பாடி ஆலைகள், அவருக்குப் பின் பிள்ளைகள் தொடங்கியவை.