தோள் எலும்பைத் தமிழில் சொல்லித்தந்த அமெரிக்கர்: யார் இந்த சாமுவேல் கிறீன்?

ராயபுரத்தில் மூட்டை சுமந்து தோள்பட்டை வலியோடு டாக்டரிடம் போகிறவர், தமிழில்தான் வலியைச் சொல்வார். ஆனால், டாக்டர் அந்த எலும்புகளைப் படித்திருப்பது ஆங்கிலத்தில். இந்த இடைவெளியை 150 ஆண்டுகளுக்கு முன்பே கவனித்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

1822-ல் அமெரிக்காவின் வூஸ்டரில் பிறந்தவர். 1847-ல் மிஷனரி மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் சிகிச்சை பார்த்தபடியே தமிழ் கற்றார். உள்ளூர் இளைஞர்கள் 60-க்கும் மேற்பட்டோருக்கு மருத்துவப் பயிற்சி தந்தார்.

முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான். படித்தவர்கள் அரசு வேலைக்குப் போய்விட்டால் கிராமத்துக்கு யார்? அதனால் 1860-களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார்.

சிக்கல் என்னன்னா, தமிழில் புத்தகம் இல்லை. மாணவர்களோடு சேர்ந்து மொழிபெயர்த்தார், கலைச்சொற்களை உருவாக்கினார். ஹென்றி கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல், 1872-ல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆனது.

தோளில் இருப்பவை மூன்று எலும்புகள்: காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு, மேற்கை எலும்பு. இதில் கைக்கும் உடலுக்கும் எலும்புப் பாலமாக இருப்பது காறை எலும்பு மட்டுமே. இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் எதற்கு?

1873-ல் ஊர் திரும்பிய கிறீன், 1884-ல் மறைந்தார். மருத்துவத்தைத் தமிழில் படிக்கலாமா என்ற விவாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.