எண்ணெய்க் குவளை ஏந்திய பொறியியலாளர்

நீராவி இயந்திரங்களுக்குத் தானாகவே எண்ணெய் ஊட்டும் கருவியை அமைத்துப் புகழ்பெற்ற எலைஜா மக்கோய் ஓர் அகதிக் குடும்பத்தின் பிள்ளை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாயிருந்த ஜோர்ஜ், மில்ட்ரெட் தம்பதியர், இரகசியமாக வழிகாட்டியோரின் உதவியுடன் எல்லை கடந்து கனடாவுக்குத் தப்பி வந்தனர். பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை 1834 இல் ஒழிக்கப்பட்டிருந்தது. ஒன்ராறியோவின் தென்கோடியிலுள்ள கொல்செஸ்டரில், 1840களின் நடுப்பகுதியில் எலைஜா பிறந்தார்.

மகனின் இயந்திர நாட்டத்தைக் கண்ட பெற்றோர், பதினைந்து வயதில் அவரை ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பினர். அங்கு பயின்று பொறியியலாளராகத் திரும்பியபோது, குடும்பம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஆனால் கறுப்பினத்தவர் ஒருவரைப் பொறியியலாளராக ஏற்க அங்கு எவரும் முன்வரவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் புகையிரத நிறுவனத்தில் கரி அள்ளிப் போடுவதும் எண்ணெய் ஊற்றுவதுமே அவருக்குக் கிடைத்த தொழில். சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேலைக்குச் செல்லும் நம்மவர்க்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

அத்தொழிலே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. உலோகத்தோடு உலோகம் உராயுமிடத்தில் எண்ணெய்ப் படலம் அறுந்தால் வெப்பம் மிகும், பாகங்கள் தேயும், சிலவேளை இறுகி நின்றுவிடும். ஆகவே வண்டியை அடிக்கடி நிறுத்தி, குவளையுடன் இறங்கிக் கையால் எண்ணெய் இடவேண்டியிருந்தது. இயந்திரத்தின் நீராவி அழுத்தத்தைக் கொண்டே அடைப்பிதழைத் திறந்து, ஓட்டத்தின்போதே எண்ணெயைச் செலுத்தும் கருவியை மக்கோய் அமைத்தார். அதற்கு 1872 இல் காப்புரிமை கிடைத்தது.

ஓடும்போதே எண்ணெய் ஊட்டுவது என்னும் இம்முறையை இன்று மரம் அறுக்கும் சங்கிலி வாளிலும் காணலாம். அதிலுள்ள சிறு பம்பி, சங்கிலி ஓடும் தகட்டுக்கு இடைவிடாது எண்ணெய் அனுப்புகிறது. எண்ணெய்த் தொட்டி வெறுமையானால் தகடு சூடேறிச் சங்கிலி விரைவில் தேயும். எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் எண்ணெயையும் நிரப்புவது இதனாலேயே.

அசல் பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் மக்கோயின் பெயரை வழங்குவதுண்டு. அது இவராலேயே வந்தது என்பர் பலர். ஆயினும் அதையொத்த வழக்கு ஸ்கொட்லாந்தில் இவரது கண்டுபிடிப்புக்கு முன்பே இருந்தது. அவரது பெருமைக்கு அக்கதை தேவையுமில்லை. அவர் பெற்ற காப்புரிமைகள் 57. பெரும்பாலானவை எண்ணெயிடுதல் பற்றியவை. மிகை வெப்ப நீராவி இயந்திரங்களுக்காக, எண்ணெயுடன் காரீயகத்தூளைச் சேர்த்து ஊட்டும் கருவியை 1915 இல், எழுபது வயதின் பின் உருவாக்கினார்.

கையில் முதல் இல்லாமையால் உரிமைகள் பலவற்றைப் பிறருக்குக் கையளிக்க நேர்ந்தது. தம் பெயரில் டெட்ரொயிட்டில் நிறுவனம் தொடங்கியது 1920 இல்தான். 1922 இல் வாகன விபத்தொன்றில் அவரும் மனைவி மேரியும் காயமுற்றனர். மறு ஆண்டு மேரி காலமானார். எலைஜா 1929 ஒக்டோபர் 10 அன்று, டெட்ரொயிட்டுக்கு அருகே எலோயிஸ் மருத்துவ இல்லத்தில் மறைந்தார். 2012 இல் டெட்ரொயிட்டில் திறக்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் கிளைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.